மாதாமாதம் மருந்து அடித்தும் செல்களில் மூட்டைப்பூச்சி போகவில்லை. தப்பு எங்கே?

மூன்றாம்_பிளாக் (கேள்வி):

இரண்டு மாடிச் சிறை பிளாக். 48 செல், செல்லுக்கு 3 பேர். கீழ்த்தளத்தில் 40 பேர் படுக்கும் கூடம் ஒன்று. மொத்தம் 184 பேர். செல்கள் முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு வரிசை, நடுவில் குழாய்கள் போகும் குறுகிய சந்து. கட்டில்கள் சதுர இரும்புக் குழாயில் செய்த இரண்டடுக்கு, சுவரோடு போல்ட் போட்டவை. ரெக்சின் உறை போட்ட ஃபோம் மெத்தைகளில் பாதிக்கு மேல் தையல் விட்டுவிட்டன.

மாதம் ஒருமுறை ஒப்பந்தக்காரர் டெல்டாமெத்ரின் என்ற பூச்சிமருந்தை அடிக்கிறார். எல்லோரும் மைதானத்தில் இருக்கும் ஒரு மணி நேரத்துக்குள் முழு பிளாக்கையும் முடித்துவிடுகிறார். நாலைந்து நாள் புகார் குறைகிறது, பிறகு பழையபடி. இப்போது புகை மருந்து போடலாம் என்கிறார்.

கேட்க வேண்டியவை மூன்று. மருந்தை மாற்றினால் போதுமா? புகை மருந்து பலன் தருமா? சிலருக்கு விரல் இடுக்கில் அரிப்பு இருக்கிறது, அதுவும் மூட்டைப்பூச்சிதானா? சமையல்கூடத்தில் கரப்பானும் உண்டு. அதைத் தனியாகக் கேட்கவா, இங்கேயே கேட்கலாமா?

ஆறுகால்:

இங்கேயே கேளுங்கள். ஒரே கட்டடம், ஒரே ஓட்டைகள்.

புகை மருந்து வேண்டாம். அது காற்றில் மிதந்து மேற்பரப்பில் படியும். மூட்டைப்பூச்சி இருப்பதோ போல்ட் தலைக்கு அடியிலும் குழாயின் உள்ளேயும். அங்கே மருந்து எட்டாது. எட்டும் கொஞ்சமும் பூச்சியை உறுத்தி, குழாய்ச் சந்து வழியாக அடுத்த செல்லுக்கு விரட்டிவிடும். 6 செல்லில் இருந்த தொல்லை 14 செல்லுக்குப் பரவுவது பெரும்பாலும் இப்படித்தான்.

டெல்டாமெத்ரின் தோற்பதற்குக் காரணம் மூன்று. முதலாவது எதிர்ப்புத்திறன்: டெல்டாமெத்ரின் சேர்ந்த பைரித்ராய்டு வகை மருந்துகளைத் தாங்கும் மூட்டைப்பூச்சி இன்று உலகெங்கும் இருக்கிறது. ஒரே மருந்தை ஆண்டுக்கணக்கில் அடித்தால் மிஞ்சுவது அந்த இனம்தான். இரண்டாவது முட்டை. தெளிக்கும் மருந்துகளில் பெரும்பாலானவை முட்டையைச் சரியாகக் கொல்வதில்லை. வெப்பமான இடத்தில் முட்டை 6 முதல் 10 நாளில் பொரியும். நீங்கள் 30 நாளுக்கு ஒருமுறை அடிக்கிறீர்கள், அதற்குள் பொரித்த குஞ்சுகள் பலமுறை ரத்தம் குடித்து வளர்ந்துவிடும். மூன்றாவது வேகம். 48 செல்லை ஒரு மணி நேரத்தில் முடித்தால் ஒரு செல்லுக்கு ஒன்றேகால் நிமிடம். அதில் தரையும் சுவரும் நனையும், கட்டில் நனையாது. பூச்சி தரையில் இல்லை.

அதனால் மருந்துப் பெயரை மட்டும் மாற்றிப் பயனில்லை. முதல் வேலை தேடுவது. ஒரு நல்ல டார்ச்சும் பழைய பிளாஸ்டிக் அட்டையும் போதும். அட்டை நுழையும் இடுக்கில் எல்லாம் பூச்சியும் நுழையும். மெத்தைத் தையல், கட்டில் மூலைத் தகடு, போல்ட், சுவர் விரிசல், கதவுச் சட்டத்தின் அடி, தொங்கும் துணிப்பை ஆகியவற்றைப் பாருங்கள். கறுப்புப் புள்ளிகளை ஈரத்துணியால் தேய்த்துத் துருநிறமாகத் தீற்றினால் அது பூச்சியின் எச்சம். வெறும் அழுக்கு அப்படித் தீற்றாது. ஒரு செல்லில் கண்டால் இடம், வலம், மேல், கீழ், முதுகுப்புறம் என்று ஐந்தையும் பார்க்க வேண்டும். முதுகுப்புறத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். அந்தச் செல்லின் கதவு வேறு நடைபாதையில் இருப்பதால் பட்டியலிலும் வேறு பக்கத்தில் இருக்கும்.

கொல்வதற்கு நீராவி. அகலத் தலை உள்ள கருவியாக இருக்கட்டும். ஒற்றைத் துளை முனையில் அழுத்தம் கூடி, பூச்சி சாகாமல் தெறித்துப்போகும். தலை கடந்துபோன இடம் 70 முதல் 80 டிகிரி இருக்க வேண்டும். அதற்கு நொடிக்கு 2–3 செ.மீ. வேகத்தில் நகர்த்த வேண்டும். துடைப்பது போல இழுத்தால் வீண். ஓர் இரண்டடுக்குக் கட்டிலை ஒழுங்காக முடிக்க 25–30 நிமிடம் பிடிக்கும். மின்பெட்டிகளுக்குள் நீராவி கூடாது. அங்கேயும் குழாய்ச் சந்திலும், பூச்சியை உலர்த்திக் கொல்லும் சிலிக்கா தூளைக் கைப்பம்பால் ஊதலாம், கண்ணுக்கு அரைகுறையாகத் தெரியும் அளவுதான். குவித்துப் போட்டால் பூச்சி சுற்றிப் போய்விடும். ஆள் படுக்கும் இடத்தில் எந்தத் தூளும் வேண்டாம், மூச்சில் போகும்.

முதல் சுற்று முடிந்து 10 முதல் 14 நாளில் இரண்டாம் சுற்று கட்டாயம். பிறகும் தடயம் இருந்தால் மூன்றாவது. தெளிப்பு மருந்து தேவைப்பட்டால் வேறு வகுப்பைச் சேர்ந்ததாக, இடுக்குகளுக்கு மட்டும். மெத்தை மேலும் கட்டிலின் படுக்கும் பரப்பிலும் கூடாது. மருந்து காய்ந்து காற்றோட்டம் கொடுத்த பிறகே ஆளை உள்ளே விட வேண்டும். எவ்வளவு நேரம் என்பது லேபிளில் இருக்கும். மைதான நேரம் ஒரு மணி என்பதால் மருந்தும் ஒரு மணியில் காய்ந்துவிடாது. ஆஸ்துமா உள்ளவரை ஈரச் செல்லில் அடைத்தால் அன்றிரவே மருத்துவப் பிரிவுக்கு வேலை வரும்.

வெல்டிங்_கை:

பூச்சியியல் அவர் சொல்லிட்டார், நான் இரும்பைப் பத்திச் சொல்றேன்.

சதுரக் குழாய்க் கட்டில்ல குழாய் முனை திறந்திருந்தா அதுதான் பூச்சியோட பங்களா. பிளாஸ்டிக் மூடி போட்டா ஒரே நாள்ல பிடுங்கிடுவாங்க, உள்ளே பொருள் மறைக்கவும் வசதி. தகடு வெச்சு வெல்டிங்தான் சரி. ஆனா செல்லுக்குள்ளே வெச்சுப் பண்ணாதீங்க. துத்தநாகப் பூச்சு உள்ள குழாய்னா வெல்டிங் புகை ஆகாது, கழட்டி வெளியே கொண்டுபோய் பூச்சைத் தேய்ச்சு எடுத்துட்டு மூடணும். அதுக்கு முன்னாடி குழாய்க்குள்ளே நீராவி விட்டுடுங்க. மூடினப்புறம் ஊசித்துளை இருக்கான்னு பார்க்கணும். ஒரு துளை விட்டா மொத்த வேலையும் வீண்.

சுவர் இடுக்குக்குச் சாதா சிலிக்கான் போடாதீங்க. நகத்தாலேயே உரிச்சு எடுக்கலாம், உரிச்சதைப் பூட்டுத் துளையில அடைப்பாங்க. கெட்டியா இறுகுற இரண்டு பாக எபாக்ஸி, இல்லேன்னா சிறைக்குன்னே வர்ற கடின பாலியூரித்தேன் போடுங்க. இறுக ஏறத்தாழ ஒரு நாள் ஆகும், அதுவரைக்கும் செல் காலியா இருக்கணும். பெரிய ஓட்டைன்னா சிமெண்ட் கலவை. உப்பி வர்ற ஃபோம் வேண்டவே வேண்டாம், எலி கடிக்கும், ஆளும் தோண்டுவாங்க. வெளியில எலி ஓட்டைக்கு எஃகுப் பஞ்சு திணிக்கச் சொல்வாங்க, செல் பக்கம் அந்தப் பேச்சே கூடாது. 6 மி.மீ. கண்ணுள்ள கம்பி வலையைக் கலவைக்குள்ளே புதைச்சுப் பூசுங்க. சுண்டெலிக்கு 6 மி.மீ. இடுக்கு போதும், எலிக்கு 12 மி.மீ. கதவடி இடைவெளியும் அந்தக் கணக்குதான்.

மெத்தைக்கு ஊசித்தையல் உறை வாங்காதீங்க. ஒவ்வொரு ஊசித்துளையும் ஒரு வாசல். வெப்பத்தால ஒட்டின விளிம்புள்ள உறை கேளுங்க. கிழிஞ்சா டேப் ஒட்டுறது ரெண்டு நாள்கூட நிக்காது, அதே ரெக்சின் துண்டைப் பசையால ஒட்டணும். ஃபோம் வரைக்கும் பூச்சி போயிருந்தா மெத்தையைத் தூக்கிடுங்க. தூக்குறப்போ செல் வாசல்லயே பையில கட்டிடணும், நடைபாதையில இழுத்துட்டுப் போனா வழியெல்லாம் விதைச்சது மாதிரி.

கருவிகளை உள்ளே போறப்போ எண்ணி எழுதி, வெளியே வர்றப்போ எண்ணுங்க. ஒரு ஸ்க்ரூ டிரைவர் குறைஞ்சா அன்னிக்கு முழு பிளாக்கும் பூட்டு, பூச்சி வேலை அம்போ.

மருந்தக_மேசை:

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் அரித்து, இரவில் கூடினால் அது சிரங்காக இருக்க வாய்ப்பு அதிகம். மூட்டைப்பூச்சி தூங்கும்போது திறந்திருக்கும் கை, கழுத்து, முகத்தில் கடிக்கும், தடிப்புகள் வரிசையாக இருக்கும். முதுகிலும் இடுப்பிலும் கீறல், துணித் தையலில் முட்டை என்றால் உடற்பேன். மூன்றும் ஒரே செல்லில் சேர்ந்தும் இருக்கலாம். செல் முழுக்க மருந்து அடித்துவிட்டுச் சிரங்கு போகவில்லை என்று வருந்துவதில் அர்த்தமில்லை. சிரங்குப் பூச்சி ஆளின் தோலில் வாழ்வது, ஆளை விட்டு வெளியே 2–3 நாளுக்கு மேல் தாங்காது.

சிரங்குக்கு 5% பெர்மெத்ரின் கிரீம். கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, நகத்தடி, தொப்புள், விரல் இடுக்கு எல்லாம் தடவி 8 முதல் 14 மணி நேரம் வைத்துக் கழுவ வேண்டும். ஓர் ஆளுக்கு ஏறத்தாழ 30 கிராம். 15 கிராம் கொடுத்து இரண்டு பேர் பங்கிட்டுக்கொள்ளச் சொன்னால் இரண்டு பேருக்கும் போகாது. இடையில் கை கழுவினால் கையில் மறுபடி தடவ வேண்டும். 7 நாள் கழித்து இன்னொரு முறை. மாத்திரை என்றால் ஐவர்மெக்டின், கிலோவுக்கு 200 மைக்ரோகிராம், 60 கிலோ ஆளுக்கு 12 மி.கி., உணவோடு. 7–14 நாளில் மறுபடி. கர்ப்பிணிகளுக்குக் கொடுப்பதில்லை. பெரிய கூடத்தில் கிரீமைவிட மாத்திரை எளிது, எதிரிலேயே விழுங்க வைக்கலாம்.

எல்லோரும் தவறுவது ஒன்று: அரிப்பு உள்ளவருக்கு மட்டும் மருந்து கொடுப்பது. முதல்முறை தொற்றியவருக்கு அரிப்பு தொடங்கவே 4–6 வாரம் ஆகும். அதற்குள் அவர் மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவார். செல்லில் உள்ள மூவருக்கும் ஒரே நாள், கூடத்தில் உள்ள 40 பேருக்கும் ஒரே நாள், துணியும் அன்றே. குணமான பிறகும் 2–4 வாரம் அரிப்பு இருக்கும். அதைத் தோல்வி என்று எண்ணி மறுபடி மறுபடி கிரீம் தடவினால் தோல் எரிந்து வேறு அரிப்பு வரும். ஒருவருக்குத் தோல் தடித்துச் செதிலாக உதிர்ந்தால் உடனே தனி அறை. சாதாரணச் சிரங்கில் உடலில் 10–15 பூச்சி இருக்கும், இந்த வகையில் லட்சக்கணக்கில். பிளாக் முழுவதற்கும் பரவ அந்த ஓர் ஆள் போதும்.

மூட்டைப்பூச்சி நோய் பரப்பியதாக நிரூபணம் இல்லை. உடற்பேன் அப்படியல்ல. பேனும் காய்ச்சலும் சேர்ந்தால் டைஃபஸ் என்று சந்தேகித்து மருத்துவரிடம் அன்றே காட்டுங்கள். ஒரு காலத்தில் இதன் பெயரே சிறைக் காய்ச்சல். 1750இல் லண்டன் ஓல்ட் பெய்லி விசாரணைக்குக் கொண்டுவரப்பட்ட கைதிகளிடமிருந்து பரவி, நீதிபதிகளும் நகர மேயரும் மாண்டார்கள்.

மூன்றாம்_பிளாக்:

தெளிவாகிவிட்டது, நன்றி. இரண்டு சிக்கல். சலவை இயந்திரம் 25 கிலோ, ஒன்றுதான். தண்ணீர் 45 டிகிரிக்கு மேல் சூடாவதில்லை. உலர்த்தும் இயந்திரம் தனியாக இருக்கிறது, அது நன்றாகச் சூடாகும். இன்னொன்று, செல்லைச் சோதிக்க வந்தால் பொருளைப் பறிப்பார்கள் என்று பயந்து யாரும் பூச்சி இருப்பதைச் சொல்வதில்லை.

சலவைக்கூடம்:

45 டிகிரியில் மூட்டைப்பூச்சி முட்டை சாகாது, 48 டிகிரியையே ஒரு மணி நேரம் தாங்கும். கழுவுவதை அழுக்குக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், கொல்வது உலர்த்தியின் வேலை. துணி சூடான பிறகு முழுச் சூட்டில் 30 நிமிடம். பாதி அளவுதான் போட வேண்டும், திணித்தால் நடுவில் உள்ள போர்வைக்குச் சூடு போகாது. ஏற்கெனவே உலர்ந்த துணியைக் கழுவாமல் நேரே உலர்த்தியில் போட்டாலும் பூச்சி சாகும், நேரமும் மிச்சம்.

இப்போது கணக்கு. ஆளுக்குப் போர்வை, விரிப்பு, உடுப்பு சேர்த்து 4 கிலோ என்று வைத்தால் 184 பேருக்கு 736 கிலோ. 25 கிலோ வீதம் ஒரு நாளில் 8 முறை போட்டால் 200 கிலோ, அதாவது 50 பேர், 16 செல். ஆக ஒரு நாளில் 16 செல்லுக்கு மேல் தொடவே கூடாது. மூன்று நாள் செல்கள், நான்காம் நாள் கூடம். நீராவிக் குழு எத்தனை பேர் என்பதைவிடச் சலவைக்கூடம்தான் வேகத்தைத் தீர்மானிக்கும். இதை மறந்து முழு பிளாக்கையும் ஒரே நாளில் காலி செய்தால், கழுவாத 500 கிலோ துணி நடைபாதையில் குவிந்து, ராத்திரி குளிருக்கு அதையே திருப்பிக் கொடுப்பார்கள். உலர்த்தியும் அதே எடையைத் தாங்குமா என்று முதலில் பாருங்கள். பாதி அளவு போடுவதால் அங்கேதான் வரிசை நிற்கும்.

அழுக்குத் துணி செல்லிலேயே பையில் கட்டப்பட வேண்டும். சுடுநீரில் கரையும் பை உங்களுக்குப் பயன்படாது, தண்ணீர் அவ்வளவு சூடாகாது. சாதா பிளாஸ்டிக் பை போதும், காலியானதைத் திரும்பப் பயன்படுத்தாமல் எறியுங்கள். சுத்தத் துணி வரும் வண்டியும் அழுக்குத் துணி போகும் வண்டியும் வேறு வேறு.

வழக்குக் காகிதம், கடிதம், புத்தகம், செருப்பு இவற்றை உலர்த்தியில் போட முடியாது. காற்றுப் புகாத பையில் மூடி மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் 4 நாள். உணவு வைக்கும் பெட்டி வேண்டாம், தனிப் பெட்டி. கைதி பார்க்க, அவர் எதிரிலேயே பட்டியல் எழுதி, எண் போட்டு, நகல் அவர் கையில். காகிதத்தைத் திருப்பித் தரும் தேதியும் அதில் எழுதுங்கள். இதைச் செய்தால் பயம் குறையும். சொன்னவனுக்குப் பொருள் போனால் அடுத்தவன் சொல்ல மாட்டான், உங்கள் தகவலே நின்றுவிடும். புதிதாக உள்ளே வருபவர் துணியும் உலர்த்தி வழியாகத்தான் போக வேண்டும். உடைமை வைக்கும் அறையையும் கைதிகளை ஏற்றிச் செல்லும் வண்டியின் இருக்கையையும் பார்த்தீர்களா?

வடிகால்_தடுப்பு:

கரப்பான் பற்றி யாரும் தொடவில்லை. சமையல்கூடத்துக் கரப்பான் சிறியதா பெரியதா? சிறியதும் பழுப்புமாய், தலைக்குப் பின் இரண்டு கறுப்புக் கோடோடு இருந்தால் ஜெர்மன் கரப்பான். அது அடுப்பு, குளிர்பெட்டி, மேசைக்கு அடியில் வாழும். பெண் தன் முட்டைப்பையை, உள்ளே 30–40 முட்டையோடு, பொரிக்கும் வரை வாலில் சுமக்கும், அதனால் ஸ்பிரேவில் தாய் செத்தாலும் பை தப்பும். இதற்குக் கரப்பான் தின்று சாகும் விஷ ஜெல்தான். ஃபிப்ரோனில் அல்லது இண்டாக்ஸாகார்ப் ஜெல்லைத் தீக்குச்சி முனை அளவுப் புள்ளியாக, 20–30 செ.மீ. இடைவெளியில், இடுக்குக்குள் வையுங்கள். ஜெல் வைத்த இடத்தில் பைரித்ராய்டு அடித்தால் கரப்பான் அதைத் தின்னாது. ஒப்பந்தக்காரரிடம் இதை எழுத்தில் சொல்லுங்கள், பழக்கத்தில் அடித்துவிட்டுப் போவார். சில மாதத்துக்கு ஒருமுறை ஜெல் வகையை மாற்றுங்கள், ஜெல்லில் உள்ள குளுக்கோஸ் சர்க்கரையையே வெறுக்கும் கரப்பான் கூட்டமும் உண்டு.

பெரிய கரப்பான் என்றால் வடிகாலிலிருந்து ஏறுகிறது. தரைத் துளையின் நீர்த்தடுப்பு, அதாவது பூச்சியை மறிக்க வளைவில் தேங்கும் தண்ணீர், 50 மி.மீ. நிற்க வேண்டும். பயன்படுத்தாத செல்லின் துளை காய்ந்துபோகும், வாரம் ஒருமுறை ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். உடைந்த மூடி, விரிசல் விட்ட கழிவுநீர்ச் சாம்பர் (வடிகால் குழாய்கள் சேரும் குழித்தொட்டி) இரண்டையும் சரி செய்தால் பாதித் தொல்லை அதிலேயே போகும். செப்டிக் டேங்கின் காற்றுக் குழாய் வாயில் கொசுவலை இருக்கட்டும், இல்லையென்றால் அது கொசுப் பண்ணை. கசடும் மேல் நுரையும் சேர்ந்து ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டினால் இறைக்க வேண்டும். நாற்றத்துக்காகக் கழிவறையில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டினால் டேங்கில் உள்ள நுண்ணுயிர் செத்துக் கசடு இன்னும் வேகமாக நிரம்பும். கழிவறை ஆசிடும் பிளீச்சிங் பவுடரும் ஒரே வாளியில் சேரவே கூடாது, குளோரின் வாயு வரும். காற்றோட்டமில்லாத செல்லில் அது உயிரைப் பறிக்கும்.

செல்லில் உணவு வைக்கக்கூடாது என்று தடை போடுவது எளிது, நடக்காது. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா கொடுத்துவிடுங்கள். எலிக்கு பிளாக்கின் உள்ளே விஷம் வேண்டாம், கைக்கு எட்டும் என்பது ஒன்று, சுவருக்குள் செத்து நாறும் என்பது இன்னொன்று. உள்ளே பூட்டிய பெட்டிக்குள் எண் போட்ட பொறி. விஷக்கட்டி சமையல்கூடத்தின் வெளிச்சுவரில், பூட்டிய பெட்டியில் மட்டும்.

தண்ணீர்த் தொட்டியையும் பாருங்கள். 65–70% கால்சியம் ஹைப்போகுளோரைட் 15 கிராமை ஒரு லிட்டரில் கரைத்தால் 1% கரைசல். அதில் 200 மி.லி. ஆயிரம் லிட்டருக்கு ஊற்றினால் லிட்டருக்கு 2 மி.கி. அரை மணி கழித்து மீதிக் குளோரின் லிட்டருக்கு 0.5 மி.கி. இருக்கிறதா என்று சோதனை மாத்திரையால் பார்த்து, அளவைக் கூட்டிக் குறையுங்கள். கலங்கல் தண்ணீரில் குளோரின் வீணாகும், முதலில் தெளிய விடுங்கள். செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு சொல்லும் அளவுப்படி 25 பேருக்கு ஒரு கழிவறை. உங்கள் கூடத்தில் 40 பேருக்கு எத்தனை?

மூன்றாம்_பிளாக்:

கூடத்தில் ஒன்று. பணம் கேட்டால் கோரிக்கை மேலதிகாரிகளிடமே நின்றுவிடுகிறது.

மருந்தக_மேசை:

வாயால் கேட்காதீர்கள். கைதிகளை நடத்தும் முறை பற்றி ஐ.நா. பொதுச்சபை 2015இல் ஏற்ற மண்டேலா விதிகளில் 35ஆம் விதி, மருத்துவரோ பொதுச் சுகாதார அமைப்போ உணவு, துப்புரவு, வெப்பநிலை, காற்றோட்டம், உடுப்பு, படுக்கை ஆகியவற்றைத் தவறாமல் ஆய்ந்து சிறை இயக்குநருக்கு ஆலோசனை சொல்ல வேண்டும் என்கிறது. அதை நிறைவேற்ற அவர் உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. மருத்துவர் கையெழுத்தோடு தேதி போட்ட அறிக்கை கொடுங்கள். செல் எண், தடயம் கண்ட இடம், சிரங்கு எத்தனை பேர், கழிவறை எத்தனை என்று எண்களாக மட்டும்.

ஆறுகால்:

அந்த அறிக்கைக்கு எண் எப்படிக் கிடைக்கும் என்றால், கட்டில் காலுக்கு அடியில் வைக்கும் பொறிக்கிண்ணம் சிறையில் ஒரு நாள்கூட நிற்காது. அதற்குப் பதில், வாரம் ஒருமுறை விடியலுக்கு முன் நாலு, ஐந்து மணிக்கு டார்ச்சோடு ஒரு வரிசையில் 4 செல்லைப் பாருங்கள், வாரத்துக்கு வாரம் வேறு செல். பூச்சி வெளியே நடமாடுவது அப்போதுதான். பகலில் ஒரு செல்லில் பத்து நிமிடம் தேடிக் கிடைக்காதது அந்த நேரத்தில் இரண்டு நிமிடத்தில் தெரியும். தொடர்ந்து 8 வாரம் எதுவும் காணாவிட்டால் அந்த வரிசையை விட்டுவிடலாம், அதற்கு முன் வேண்டாம். காவலர் மாற்றம் அந்த நேரத்தில் விழுந்தால் பணிப்பட்டியலில் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.